வலி ஊசிக்கு இன்னும் நாலு மணி நேரம்: தலையணையா, ஐஸா, ஒத்தடமா?

இரவு 2 மணி. 14-ஆம் கட்டில் அம்மாவுக்குக் குடல்வால் வெடித்து, வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்து இது இரண்டாவது ராத்திரி. “சிஸ்டர், உயிர் போகுது. ஒரு ஊசி போட்டு விடுங்களேன்” என்கிறார். கேஸ் ஷீட்டைப் புரட்டினால், 10 மணிக்கு டிரமடால் போட்டாயிற்று. அடுத்தது காலை 6 மணிக்கு. நடுவில் நாலு மணி நேரம் கிடக்கிறது.

சர்ஜரி வார்டிலும் பிரசவ வார்டிலுமாகப் பதினேழு வருடம் டியூட்டி பார்த்தவள் நான். இந்த நாலு மணி நேரத்தில் செய்ய என்ன இருக்கிறது என்று நர்சிங் புத்தகத்தைத் திறந்தால் தலையணை, குளிர், வெப்பம், மசாஜ், மூச்சுப் பயிற்சி, இசை, டென்ஸ் (தோல் வழியாக லேசாகக் கரண்ட் விடுகிற கருவி) என்று வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் நாலு வரி. பரீட்சைக்கு அது போதும். நாற்பது கட்டிலுக்கு இரண்டு ஸ்டாஃப் இருக்கிற வார்டில் எதை முதலில் எடுப்பது, எதைத் தொடவே கூடாது என்று தெரிந்தால்தான் ராத்திரி விடியும். புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கும், கட்டிலடியில் பாய் விரித்துத் துணைக்குப் படுத்திருக்கிற சொந்தக்காரர்களுக்கும் அந்த வரிசையைச் சொல்லலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

முதலில் ஒன்று. இங்கே சொல்லப்போகிற எதுவும் ஊசிக்கு மாற்று கிடையாது. எழுதிய மருந்து எழுதிய நேரத்துக்குப் போக வேண்டும். “பொறுத்துக்கம்மா, மூச்சை இழுத்து விடு” என்று சொல்லி ஒரு டோஸைத் தள்ளிப்போடுவதற்குப் பெயர் அலட்சியம். அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தருகிற ஜாயின்ட் கமிஷன் என்ற அமைப்பு 2018 முதல், மருத்துவமனைகள் மருந்தில்லா வலி நிவாரணமும் தர வேண்டும் என்று தரவிதியில் சேர்த்தது. அங்கே ஓபியாய்டு என்கிற அபின் வகை வலி மாத்திரை ஆறாக ஓடி வந்த வினை அது. நம் பக்கம் கதை வேறு. மார்பின் என்கிற அபின் வகை வலி மருந்து கிடைப்பதற்கே போதைப்பொருள் சட்டத்தை 2014-இல் திருத்த வேண்டியிருந்தது. அதனால் நம் வார்டில் இந்த முறைகள் ஊசியோடு சேர்ந்து நடக்க வேண்டும், ஊசி போட்ட பிறகும் வலி தாங்கவில்லை என்றால் டியூட்டி டாக்டரைக் கூப்பிடத்தான் வேண்டும்.

எத்தனை என்பதற்கு முன், எப்படி

வலியைப் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் சொல்லச் சொல்கிறோம். படித்தவர்கள் சொல்லிவிடுவார்கள். கிராமத்திலிருந்து வந்த ஒரு பாட்டியிடம் “பத்துக்கு எத்தனை பாட்டி?” என்று கேட்டால் விழிப்பார். அந்தக் காலத்தில் ரூபாய்க்குப் பதினாறு அணா. நான் “ரூபாய்க்கு எத்தனை அணா?” என்று கேட்டுப் பார்த்தேன். “ரூபாய்க்குப் பன்னண்டணா இருக்கு தாயி” என்று டக்கென்று வந்தது பதில். ஊசி போட்டு அரை மணி கழித்து “எட்டணாதான் கொறஞ்சிருக்கு” என்றார். மிச்சம் பதினாறுக்கு நாலு. அதைவிடத் துல்லியமான ஸ்கோர் எனக்கு வேண்டாம். அந்தத் தலைமுறை போய்க்கொண்டிருக்கிறது, அது வேறு விஷயம்.

ஆனால் எண் அளவைத்தான் சொல்லும், வழியைச் சொல்லாது. வழியைச் சொல்வது வார்த்தை. ரொனால்ட் மெல்சாக் என்ற கனடா உளவியலாளர் 1975-இல் ஆங்கிலத்தில் வலியைச் சொல்கிற 78 சொற்களை 20 கட்டாகப் பிரித்து ஒரு வினாத்தாள் செய்தார். நமக்கு அந்தத் தாள் வேண்டியதில்லை. குத்துது, இழுக்குது, பிடிக்குது, குடையுது, கடுக்குது, காந்துது, விண்விண்ணுன்னு தெறிக்குது, சுருக்குங்குது, பாரமா இருக்கு என்று நம் ஆட்கள் வார்டில் கொட்டுகிற சொற்களே போதும். என் அனுபவத்தில் இந்த வார்த்தைதான் தலையணையா ஐஸா என்பதைத் தீர்மானிக்கிறது. அதனால் நான் முதலில் “எப்படி வலிக்குது?” என்று கேட்பேன். அப்புறம்தான் “எத்தனை?”. மூன்றாவதாக, “சும்மா படுத்திருக்கும்போதா, அசையும்போதா?”. இந்தக் கடைசிக் கேள்வியை மறந்தால், மூச்சுக்கூட விடாமல் கட்டை மாதிரி படுத்திருக்கிறவர் ‘இரண்டு’ என்று சொல்வதைப் பார்த்து ஏமாந்துவிடுவோம்.

இதே மெல்சாக், பேட்ரிக் வால் என்பவரோடு சேர்ந்து 1965-இல் சொன்ன கதவுக் கதையையும் இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். முட்டி கட்டிலில் இடித்தால் கை தானாகப் போய்த் தேய்க்கிறதே, அது ஏன் கேட்கிறது? தண்டுவடத்தில் ஒரு கதவு மாதிரி இருக்கிறது. வலி மெல்லிய நரம்பிழைகளில் மெதுவாக வருகிறது. தொடுதலும் அழுத்தமும் தடித்த இழைகளில் வேகமாக வந்து கதவைப் பாதி சாத்திவிடுகின்றன. மேலே மூளையும் சும்மா இருப்பதில்லை: பயந்தால் கதவைத் திறக்கச் சொல்லும், கவனம் வேறெங்கோ போனால் சாத்தச் சொல்லும். நுணுக்கங்களைப் பின்னால் வந்தவர்கள் திருத்தியிருக்கிறார்கள். வார்டு வேலைக்கு இந்த அளவு போதும்.

தலையணையும் படுக்கிற விதமும்

வயிற்று ஆபரேஷன் முடிந்த முதல் மூன்று நாளுக்கு என் ஓட்டு இதற்குத்தான். செலவில்லை, டாக்டர் உத்தரவு பெரும்பாலும் தேவையில்லை, இரண்டு நிமிடத்தில் முடியும், தப்பாகப் போக வாய்ப்பும் குறைவு. ஆனாலும் வார்டில் அதிகம் மறக்கப்படுவது இதுதான்.

“இழுக்குது” என்று ஒருவர் சொன்னால், தையல் போட்ட தசை விறைத்து நிற்கிறது என்று அர்த்தம். தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி உயர்த்தி, முட்டிக்குக் கீழே மடித்த போர்வையை வைத்துக் காலை லேசாக மடக்கினால் வயிற்றுச் சுவர் தளர்ந்துவிடும். செய்து பாருங்கள், முகத்திலேயே தெரியும். புருவம் இறங்கும். கட்டிலின் தலைப்பக்கம் உயராத பழைய கட்டில் என்றால் முதுகுக்கு ஒரு பேக்ரெஸ்ட். அதுவும் இல்லையா, வீட்டிலிருந்து கொண்டுவந்த துணிப்பையைச் சுவரோரம் சாய்த்து வையுங்கள். மடித்த போர்வையை முட்டிக்கடியில் நாள் முழுக்க விட்டுவிடக் கூடாது, காலில் ரத்த ஓட்டம் மந்தமாகும். நடுநடுவே எடுத்துவிட்டுப் பாதத்தை மேலும் கீழும் ஆட்டச் சொல்ல வேண்டும்.

இருமல்தான் பெரிய எதிரி. தையல் போட்டவர் இருமுவதற்குப் பயந்து சளியை அடக்கிக்கொள்வார். மூச்சையும் மேலோட்டமாகவே விடுவார். இரண்டு நாளில் நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிவிடும், சமயத்தில் நிமோனியாவாகவும் முடியும். தலையணையைத் தையலின் மேல் வைத்து இரண்டு கையாலும் குழந்தையைக் கட்டிக்கொள்வது மாதிரி அணைத்துக்கொண்டு, மூன்று தடவை ஆழமாக மூச்சு இழுத்து, மூன்றாவதில் இருமச் சொல்லுங்கள். தையல் பிய்ந்துவிடுமோ என்ற பயம் முதல் இருமலிலேயே பாதி போய்விடும். இதய ஆபரேஷனில் நெஞ்செலும்பைத் திறந்தவர்களுக்கும் இதே வித்தைதான். வார்டில் தலையணை கிடைக்காவிட்டால் சேலையை நாலாக மடித்து உருட்டிக்கொள்ளலாம். நான் கைப்பட உருட்டிக் கொடுத்த சேலைகளுக்குக் கணக்கில்லை.

எழுந்து உட்கார்வதும் அப்படியே. மல்லாந்தபடி நேராக எழ முயன்றால் வயிற்றுத் தசைதான் முழுப் பாரத்தையும் தூக்கும், கண்ணில் பூச்சி பறக்கும். ஒருக்களித்துப் படுத்து, கால் இரண்டையும் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, முழங்கையை ஊன்றிப் பக்கவாட்டில் எழ வேண்டும். துணைக்கு இருப்பவர்கள் பாசத்தில் கையைப் பிடித்து இழுப்பார்கள். அதைத் தடுப்பதே ஒரு வலி நிவாரணம்.

லேப்ராஸ்கோப்பி, அதாவது சிறு துளை வழியாக ஆபரேஷன், செய்தவர்கள் தையலைவிடத் தோள்பட்டை வலிக்கிறது என்று பயந்துபோவார்கள், ஹார்ட் அட்டாக் என்றே சிலர் முடிவு கட்டிவிடுவார்கள். வயிற்றை உப்ப வைக்க விட்ட கரியமில வாயு உதரவிதானத்தை உறுத்துகிறது. அந்த இடத்துக்கும் தோளுக்கும் நரம்பு வேர் ஒன்று. நெஞ்சுவலி, வியர்வை, மூச்சுத் திணறல் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் கொஞ்சம் தட்டையாகப் படுக்கவைத்துப் பாருங்கள், மெல்ல நடக்கவிடுங்கள். ஓரிரு நாளில் போய்விடும். சிசேரியனுக்குப் பிறகு “கேஸ் பிடிச்சுக்கிச்சு” என்பவர்களுக்கும் சோடாவைவிட நடைதான் மருந்து.

ஐஸ்

“விண்விண்ணுன்னு தெறிக்குது” என்றால் வீக்கமும் ரத்தப் பாய்ச்சலும் சேர்ந்த வலி. சுளுக்கு, புதிதாக அடிபட்ட முட்டி, பிரசவத்தில் கீழே போட்ட தையல், இவற்றுக்கு ஐஸ் தலையணையைவிட ஒரு படி மேலே. குளிர் நரம்புச் செய்தியின் வேகத்தைக் குறைக்கிறது, ரத்தக் குழாயைச் சுருக்குகிறது. பொதுவாக 10 முதல் 20 நிமிடம், துணி சுற்றித்தான். வைத்த ஐந்தாம் நிமிடத்தில் துணியை விலக்கித் தோலைப் பாருங்கள். ஐஸ் வைத்தால் உடம்பு ஒரு வரிசையில் பேசும்: முதலில் சில்லென்று இருக்கும், அப்புறம் காந்தும், பிறகு கடுக்கும், கடைசியில் மரத்துப்போகும். மரத்ததும் எடுத்துவிட வேண்டும். இந்த வரிசையை முன்கூட்டியே சொல்லி வைக்காவிட்டால், காந்துகிற கட்டத்திலேயே நோயாளி ஐஸைத் தூக்கி எறிந்துவிடுவார்.

வார்டில் ஐஸ் பேக் இல்லையென்றால் கையுறையில் தண்ணீர் நிரப்பி முடிச்சுப்போட்டு உறைய வைப்போம். பிரசவ வார்டில் அது பழைய வழக்கம். குளுக்கோஸ் பாட்டிலை உறையவைப்பவர்கள் உண்டு, ஆனால் அது கட்டையாக நிற்கும், உடம்போடு படியாது. தடுப்பூசி வைக்கிற ஃபிரிட்ஜில் மட்டும் இதையெல்லாம் வைக்கக் கூடாது. அடிக்கடி திறந்தால் குளிர்ச்சி கெட்டுவிடும்.

சிறு காரியங்களுக்கும் குளிர் கைகொடுக்கும். நெஞ்சிலிருந்து வடிகுழாயை உருவும்போது வருகிற வலி கொடுமையானது. உருவுவதற்கு முன் குழாயைச் சுற்றிச் சுமார் 20 நிமிடம் ஐஸ் வைத்துப் பார்த்த ஆய்வுகளில் வலி குறைந்திருக்கிறது. வயிற்றுத் தையலுக்கும் வைக்கலாம், ட்ரெஸ்ஸிங் நனையக் கூடாது, சர்ஜனிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும்.

யாருக்குக் கூடாது? சர்க்கரை நோயில் கால் மரத்தவர்களுக்கு, காலில் ரத்த ஓட்டம் குறைந்தவர்களுக்கு. பீடி பிடித்துப் பிடித்து ரத்தக்குழாய் அடைத்து, விரல் நுனி கறுத்து வருகிறவர்களை நம் சர்ஜரி வார்டுகளில் பார்க்கலாம். அவர்கள் கால் வலிக்கிறது என்று கேட்டாலும் ஐஸ் பக்கமே போகக் கூடாது.

இன்னொரு தடை மருத்துவம் சாராதது. பிரசவமான பெண்ணுக்குக் கீழ்த்தையலில் ஐஸ் வைக்கப் போனால் மாமியார் குறுக்கே நிற்பார். “பச்சை ஒடம்புக்காரிக்கு ஐஸ் வைக்கிறதா? ஜன்னி வந்துடும்!” நான் ஆரம்பத்தில் வாதாடியிருக்கிறேன். ஜெயித்தும் இருக்கிறேன். ஜெயித்த அன்று அந்தப் பெண்ணுக்கு வலி குறையவில்லை, ஏனென்றால் மாமியார் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போதெல்லாம் “பெரியம்மா, நீங்களே கையில பிடிச்சுப் பாருங்க, துணி சுத்தியிருக்கு, பத்தே நிமிஷம்தான்” என்று பையை அவர் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். அதற்கும் ஒப்பாவிட்டால் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி. முதல் ஒரு நாள் குளிர், அதற்குப் பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் டப்பில் உட்காரவைப்பது என்று சொன்னால் சமாதானம் ஆகிவிடுகிறார்கள். வெந்நீர் என்ற சொல்லுக்கு அவ்வளவு மதிப்பு.

அடிபட்டால் ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற சூத்திரத்தை 1978-இல் பிரபலமாக்கியவர் கேப் மிர்கின் என்ற அமெரிக்க மருத்துவர். 2014-இல் அவரே, ஐஸ் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று மாற்றிச் சொன்னார். அதனால் ஐஸை வலிக்காக வையுங்கள், ‘சீக்கிரம் ஆறும்’ என்று நாள் முழுக்க வைக்காதீர்கள்.

ஒத்தடம்

நம் ஊரில் வலி என்றால் ஒத்தடம். உப்பு ஒத்தடம், தவிட்டு ஒத்தடம், செங்கல் ஒத்தடம், நொச்சி இலை ஒத்தடம் என்று வீட்டுக்கு வீடு ஒரு வகை. எனக்கும் பிடிக்கும். ஆனால் வார்டில் வருகிற திடீர் வலிக்கு அதன் இடம் நாம் நினைப்பதைவிடச் சின்னது.

“பிடிச்சுக்கிச்சு”, “குடையுது” என்கிற வலிகள் வெப்பத்துக்கு இளகும். மாதவிடாய் வலி, ஒரே பக்கம் படுத்து வந்த முதுகுப் பிடிப்பு, கழுத்துப் பிடிப்பு. சிறுநீரகக் கல் வலியும் இதில் சேரும். வியன்னாவில் ஆம்புலன்ஸில் கல் வலியோடு வந்தவர்களுக்கு 42 டிகிரி மின்போர்வை போட்டுப் பார்த்த ஓர் ஆய்வு 2003-இல் வெளியானது, வலியும் பதற்றமும் குமட்டலும் குறைந்தன. கல்தான் என்று டாக்டர் உறுதி செய்த பிறகு, ஊசி வேலை செய்யத் தொடங்கும் வரை, விலாப்பக்கம் வெந்நீர்ப் பை வைப்பது நல்ல துணை.

காரணம் தெரியாத வயிற்று வலிக்கு மட்டும் ஒத்தடம் கொடுத்துவிடாதீர்கள். குடல்வால் வீங்கியிருந்தால் ஒத்தடத்தில் கொஞ்சம் சுகம் கிடைத்து, ஆஸ்பத்திரிக்கு வருவது ஒரு நாள் தள்ளிப்போகும். புதுத் தையல் மீது கூடாது. அடிபட்ட முதல் இரண்டு மூன்று நாள் கூடாது, வீக்கம் கூடும். உடம்பில் ஃபென்டனில் என்கிற வலி மருந்துப் பட்டை ஒட்டியிருந்தால் அதன் மேல் சூடு படவே கூடாது, மருந்து ஒரேயடியாக உள்ளே இறங்கிவிடும்.

இதையெல்லாம்விட எனக்கு மறக்காதது ஒன்று. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், சிசேரியன் முடிந்து வந்த பெண்ணுக்கு நடுக்கம். துணைக்கிருந்தவர் அன்பாக ஒரு பாட்டிலில் வெந்நீர் நிரப்பித் தொடையோடு சேர்த்துப் போர்த்திவிட்டார். நான் பார்த்தேன், பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். முதுகில் போட்ட மரப்பு ஊசி இன்னும் இறங்கவில்லை. அவளுக்குச் சூடே தெரியவில்லை. இரண்டு மணி நேரம் கழித்துப் போர்வையை விலக்கியபோது உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம். அவள் அதற்கும் “பரவால்ல சிஸ்டர்” என்றாள். அன்றிலிருந்து வெப்பம் வைக்கும் முன், வைக்கப்போகிற இடத்தை விரலால் கிள்ளி “தெரியுதா?” என்று கேட்காமல் வைப்பதில்லை. தண்ணீர் 40 முதல் 45 டிகிரி, பையில் மூன்றில் இரண்டு பங்கு, காற்றை வெளியேற்றி மூடி, துண்டு சுற்றி, முதலில் என் முன்கையின் உள்பக்கம் வைத்துப் பார்த்து, 15 முதல் 20 நிமிடம். தூங்குகிறவருக்கு வைத்துவிட்டுப் போவதே இல்லை.

தீக்காயத்தில் குளிரா வெப்பமா என்ற குழப்பமே வேண்டாம்: 20 நிமிடம் குழாய்த் தண்ணீர். ஐஸும் வேண்டாம், பேனா மையும் பற்பசையும் இட்லி மாவும் வேண்டாம்.

மூச்சு, பாட்டு, பேச்சு

இவற்றைப் பற்றி எனக்குப் பல வருடம் நம்பிக்கை இல்லை. பாட்டு கேட்டால் வலி போகுமா என்று சிரித்திருக்கிறேன். 2015-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் எழுபதுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கட்டுரை வந்தது. ஆபரேஷன் சமயத்தில் இசை கேட்டவர்களுக்கு வலியும் பதற்றமும் குறைந்திருந்தன, வலி மருந்தும் குறைவாகத் தேவைப்பட்டிருந்தது. மயக்கத்தில் இருக்கும்போது கேட்டவர்களுக்குக்கூட ஓரளவு பலன். சரி, செல்போன்தான் எல்லோரிடமும் இருக்கிறதே என்று ஆரம்பித்தேன். கற்றுக்கொண்டது இரண்டு. பாட்டை நோயாளிதான் தேர்ந்தெடுக்க வேண்டும். நான் புல்லாங்குழல் போட்டால் சிலருக்கு எரிச்சல் வருகிறது, அவருக்கு வேண்டியது பழைய சினிமாப் பாட்டு. அடுத்தது, இயர்போன் கட்டாயம். ஒருவருக்கு நிவாரணம் என்று பக்கத்துக் கட்டிலுக்குத் தலைவலி கொடுக்கக் கூடாது.

குறுகிய வலிகளுக்கு இவைதான் முதல் தேர்வு: ட்ரெஸ்ஸிங் மாற்றுவது, ஊசி குத்துவது, தையல் பிரிப்பது. ஆனால் வலி தொடங்குவதற்கு முன்பே ஆரம்பித்துவிட வேண்டும். பாதியில் “மூச்சை இழுங்க” என்றால் திட்டுதான் விழும். மூக்கால் நாலு எண்ணும் வரை இழுத்து, வாயால் ஆறு எண்ணும் வரை விட்டால் நிமிடத்துக்குச் சுமார் ஆறு மூச்சு. வெளிவிடும் மூச்சில் தோள் இறங்குகிறதா என்று பாருங்கள், அந்த நொடியில் பிளாஸ்திரியை உரியுங்கள். அமெரிக்காவில் சியாட்டில் தீக்காய வார்டில் ஹன்டர் ஹாஃப்மன் குழுவினர், பனி உலகத்துக்குள் போய்ப் பனிப்பந்து எறிவது மாதிரி ஒரு மெய்நிகர் விளையாட்டையே உருவாக்கிக் காயம் கழுவும்போது போட்டுக் காட்டினார்கள். நமக்கு அப்பா செல்போனில் இருக்கிற கார்ட்டூன். தத்துவம் ஒன்றுதான்.

குழந்தைகளுக்கு இதில் முன்னுரிமை இன்னும் அதிகம். தடுப்பூசி வலி பற்றி உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்னவை எளியவை: தாய் மடியில் வைத்துக்கொள்ளட்டும், ஊசி போடும்போதே தாய்ப்பால் கொடுக்கட்டும், பல ஊசி என்றால் அதிகம் வலிக்கிறதைக் கடைசியில் போடுங்கள். நாலு பேர் கைகாலை அமுக்கி மல்லாத்திப் படுக்கவைக்கிறோமே, அதுதான் குழந்தைக்குப் பாதி வலி. “வலிக்கவே வலிக்காது” என்ற பொய்யும் வேண்டாம். அடுத்த தடவை வெள்ளை உடுப்பைத் தூரத்தில் பார்த்ததுமே வீறிடும்.

கை

நாற்பது கட்டிலுக்கு மசாஜ் என்னால் முடியாது. இதை நான் துணைக்கு வந்தவர்களிடம் ஒப்படைக்கிறேன். உள்ளங்கையையும் பாதத்தையும் கட்டைவிரலால் அழுத்தி ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம். வலி எவ்வளவு குறைகிறது என்பதைவிட, ஒன்றும் செய்ய முடியாமல் கலங்கி நிற்கிற மகளுக்கு ஒரு வேலை கிடைக்கிறது, அந்தப் பதற்றம் நோயாளிக்கு ஒட்டாமல் போகிறது. கெண்டைக்காலை மட்டும் பிடிக்கவே கூடாது. ஆபரேஷன் முடிந்து படுத்தே இருப்பவருக்கு அங்கே ரத்தம் உறைந்திருக்கலாம், அமுக்கினால் அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய்விடலாம். ஒரு பக்கக் கெண்டைக்கால் வீங்கி வலித்தால் அது டாக்டருக்கான வலி. தைலம் தேய்ப்பதையும் தையல் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

பிரசவ வலியில் கைக்கு இணை இல்லை. இடுப்புக்குப் பின்னால் உள்ளங்கையின் அடிப்பாகத்தால் அழுத்திப் பிடித்தால் பல பெண்கள் “அங்கதான், அங்கதான், எடுக்காதீங்க” என்பார்கள். விருப்பப்பட்ட ஒரு துணை கூட இருப்பதையும், மசாஜையும், வெதுவெதுப்பான ஒத்தடத்தையும் உலக சுகாதார நிறுவனத்தின் 2018 பிரசவப் பரிந்துரைகள் ஏற்கின்றன.

டென்ஸ் என்கிற ‘கரண்ட் வைக்கிற’ மிஷின் பிசியோதெரபியில் இருக்கிறது. கதவுக் கதையில் பிறந்த கருவி. திடீர் வலியில் கொஞ்சம் உதவுவதாகத் தெரிகிறது, ஆதாரம் உறுதியாக இல்லை. பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு ஆகாது. ராத்திரி 2 மணிக்கு அந்த அறை பூட்டியிருக்கும் என்பதால் என் வரிசையில் கடைசி. அக்குபிரஷரையும் அதன் பக்கத்திலேயே வைப்பேன்.

வார்த்தை மாறினால்

இழுப்புக்குத் தலையணை, விண்விண்ணுக்கு ஐஸ், பிடிப்புக்கு வெப்பம், சுருக்கென்ற குத்தலுக்கு மூச்சும் பாட்டும் என்று நான் போகிற வழி ஓரளவு சரியாகவே வந்திருக்கிறது. “காந்துது” என்றால் முதலில் ட்ரெஸ்ஸிங்கைப் பார்ப்பேன், பாதி நேரம் பிளாஸ்திரி ஒவ்வாமையோ ட்ரிப் ஏறுகிற ரத்தக்குழாயின் வீக்கமோ இருக்கும். ஆனால் நேற்று சொன்ன வார்த்தை இன்று மாறினால் எந்த முறையையும் எடுக்காமல் போனை எடுக்க வேண்டும். தையல் இழுக்குது என்றவர் மூன்றாம் நாள் “வயிறே பலகை மாதிரி இருக்கு” என்றால். மாவுக்கட்டுப் போட்டவர் “உள்ள வெடிக்கிற மாதிரி இருக்கு, விரலை அசைச்சாலே உயிர் போகுது” என்றால், அந்தக் காலை இதயத்துக்கு மேலே தூக்கி வைக்கவும் கூடாது, ஐஸும் கூடாது. “ஏதோ உள்ள விட்டுப்போன மாதிரி இருந்துச்சு” என்று சொல்லி, ட்ரெஸ்ஸிங் இளஞ்சிவப்பாக நனைந்திருந்தால் தையல் உள்ளே பிரிந்திருக்கலாம். சுத்தமான பேடை சலைனில் நனைத்து மூடி, படுத்தபடியே இருக்கச் சொல்லிவிட்டு, ஓட வேண்டும்.

எது செய்தாலும் அரை மணி கழித்துத் திரும்பி வந்து கேட்டு, முன்னும் பின்னும் எத்தனை என்று கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். ‘ஐஸ் வைத்தேன், 7 / 4’ என்று ஒரு வரி இருந்தால் காலை ரவுண்ட்ஸில் டாக்டர் மருந்தை மாற்ற அது உதவும். எழுதாவிட்டால் ராத்திரி நடந்தது எதுவும் நடக்கவில்லை.

14-ஆம் கட்டிலுக்கு வருகிறேன். எப்படி வலிக்குது என்று கேட்டேன். “அப்படியே வயித்தைப் புடிச்சு இழுக்குது சிஸ்டர்.” எத்தனை? “எட்டு.” வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன், இளக்கமாகத்தான் இருந்தது. காய்ச்சல் இல்லை, நாடித்துடிப்பு 92, ட்ரெஸ்ஸிங் காய்ந்திருந்தது. அந்த அம்மா ஒன்பது மணியிலிருந்து மல்லாந்து, காலை நீட்டி, விறைத்துப் படுத்திருக்கிறார். அசைந்தால் தையல் பிரிந்துவிடும் என்று பக்கத்துக் கட்டிலில் யாரோ சொன்னார்களாம். தலைப்பக்கத்தை உயர்த்தி, முட்டிக்கடியில் அவர் மகளின் ஸ்வெட்டரைச் சுருட்டி வைத்து, வயிற்றின் மேல் தலையணையைக் கொடுத்தேன். ஒரு இருமல் வந்தது, சளியும் வந்தது. மகளை எழுப்பிப் பாதத்தைப் பிடிக்கச் சொன்னேன். 2:40-க்குப் போய்க் கேட்டபோது ஐந்து என்றார். எட்டைப் பார்க்க அது நல்லதுதான், ஆனாலும் ஐந்து தூங்குகிற வலி இல்லை. டியூட்டி டாக்டருக்குப் போன் செய்து எட்டும் ஐந்தும் சொன்னேன். பாராசிட்டமால் ட்ரிப்பில் ஒன்று எழுதினார். மூன்றேகாலுக்கு அது முடியும்போது அம்மா தூங்கியிருந்தார், தலையணையைக் கட்டிப்பிடித்தபடியே. மகள் பாதத்தைப் பிடித்த கையோடு உட்கார்ந்தவாக்கில் உறங்கிக்கொண்டிருந்தாள். அவளை எழுப்பாமல் ட்ரிப்பை மூடிவிட்டு, 15-ஆம் கட்டிலுக்குப் போனேன்.